கேள்வி – பதில்: சாலையில் லைட் ரயில் ஓடினால்

கேள்வி: சென்னையில் லைட் ரயில் (டிராம் போலச் சாலையிலேயே தண்டவாளத்தில் ஓடும் சிறு ரயில்) விட்டால் கார், பைக் ஓட்டுகிறவர்கள் முதலில் எதைப் பழக வேண்டும்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ரைட் எடுப்பதை. இங்கே டிராம் நின்றது 1953-ல். சாலைத் தண்டவாளம் இன்று ஓட்டுகிறவர்களுக்குப் புதிது. தண்டவாளம் நடுச்சாலையில் போனால், ரைட் எடுப்பவரின் கண் எதிரே வரும் வண்டிகள் மேல்தான் இருக்கும். ரயிலோ அவருக்குப் பின்னாலிருந்து, வலப்பக்கமாக வரும், சத்தமும் குறைவு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2004 ஜனவரி 1-ல் சேவை தொடங்கியதும் அடுத்தடுத்து மோதல்கள். பல, தடையை மீறி இப்படிக் குறுக்கே திரும்பியதால் நடந்தவை (அவர்களுக்கு அது இடது திருப்பம்).

ரயில் டிரைவர் பிரேக் போடுவார்தான். ஆனால் இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பு குறைவு. 40 கி.மீ. வேகத்தில் வந்தால், வழக்கமான பிரேக்கில் நிற்க சுமார் 50 மீட்டர் வேண்டும். அவசர பிரேக் போட்டால் தூரம் குறையும், உள்ளே நிற்கிறவர்கள் விழுவார்கள். ஒதுங்கிப் போக அதற்கு வழியே கிடையாது. ஆகவே கண்ணாடியை மட்டும் நம்பாமல் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். ஒரு ரயில் போனதும் பாயாதீர்கள். எதிர்த் தடத்தில் இன்னொன்று வரலாம்.

கேள்வி: மழையில் ஸ்கூட்டர் வழுக்குமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வழுக்கும். சாலையோடு பதித்த தண்டவாளத்தில் சக்கர விளிம்புக்காக ஏறத்தாழ 4 செ.மீ. அகலப் பள்ளம் இருக்கும். சைக்கிள் டயர் அதில் இறங்கினால் ஹேண்டில் திரும்பாது, ஆள் விழுவார். ஸ்கூட்டர் டயர் சுமார் 9 செ.மீ. அகலம் என்பதால் இறங்காது. நனைந்த இரும்பில்தான் சறுக்கும். கூடுமானவரை நேர் குறுக்காகக் கடந்துவிடுங்கள்; 60 டிகிரிக்குக் குறையவே கூடாது. பிரேக்கைத் தண்டவாளத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். மேலே ஏறியபின் பிரேக்கும் வேண்டாம், ஆக்ஸிலேட்டரை முறுக்கவும் வேண்டாம்.

கேள்வி: ரயிலுக்குத் தனி சிக்னலா?
– வாசகர், பல்லாவரம்

பதில்: ஆமாம். ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் சிக்னல் விளக்கில் வெள்ளைக் கோடு எரியும்: படுத்திருந்தால் நில், நிமிர்ந்திருந்தால் போ. அது ரயிலுக்கு மட்டும். அதைப் பார்த்து நீங்கள் கிளம்பக் கூடாது.

கேள்வி: தொடங்குமுன் நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தாம்பரம்

பதில்: ஆள் ஏற்றாமல், முழு டைம்டேபிள்படி சில வாரம் ஓட்ட வேண்டும், சாலையில் போகிறவர்களின் கண் பழக வேறு வழியில்லை. சிக்னல் இல்லாத மீடியன் இடைவெளிகளை அடைத்தே ஆக வேண்டும். வளைவில் பெட்டியின் மூலை தண்டவாளத்தைத் தாண்டி வெளியே வரும். அது எட்டும் தூரம்வரை மஞ்சள் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் ஒரே ஒரு ஆட்டோ நின்றாலும் பின்னால் வரும் ரயில்கள் அத்தனையும் நிற்கும். முதல் நாளிலிருந்தே தூக்கு வண்டி தயாராக இருக்கட்டும்.