இரண்டாம் வீட்டுக்கு இரட்டை வரி: அந்தப் பணம் கடைசியில் எங்கே போகிறது?

கேள்வி: பிரிட்டனில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களிடம் இரு மடங்கு கவுன்சில் வரி வாங்குகிறார்களாமே, அது நியாயமா? அந்தப் பணத்தில் வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுத்துவிட முடியுமா?

நியாயம்தான். ஆனால் வீடு கட்டிக் கொடுக்கிற அளவுக்கெல்லாம் அது காணாது. தென்மேற்கு இங்கிலாந்தில் கடலோரமாக உள்ள ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், வீட்டுவசதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் கவுன்சில் வரியை நம்மூர் சொத்து வரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே வீட்டில் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும், வாடகைக்கு இருப்பவராக இருந்தாலும். இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டு விலை மதிப்பை வைத்துத்தான் இன்னமும் வீடுகளைப் பிரிக்கிறார்கள் (இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்ப வேண்டும்), நடுத்தரமான 'டி' பிரிவு வீட்டுக்கு 2025-26-இல் சராசரியாக 2,280 பவுண்டு வந்தது. யாரும் நிரந்தரமாகக் குடியிருக்காத, விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிற வீட்டுக்கு அதே அளவு இன்னொரு மடங்கைக் கூடுதலாகப் போடலாம் என்று 2023-இல் சட்டம் வந்தது, 2025 ஏப்ரலில் இருந்து நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 2024-இல் இருந்தே உண்டு. வேல்ஸ் எல்லோருக்கும் முன்னோடி, 2017-இல் ஆரம்பித்து, 2023-இல் கூடுதல் வரியின் உச்சவரம்பை 300 சதவீதமாகவே உயர்த்திவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2004 வரைக்கும் இங்கிலாந்தில் இரண்டாம் வீட்டுக்கு வரியில் பாதி தள்ளுபடி! உள்ளூரில் ஒரே வீட்டில் வாழ்பவன் முழு வரி கட்டுவான், லண்டனில் ஒன்று கடலோரத்தில் ஒன்று என்று வைத்திருப்பவர் அங்கே பாதிதான் கட்டுவார்.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில் இப்படி ஏறக்குறைய 13,000 வீடுகள் இருக்கின்றன. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வருடத்துக்கு இரண்டு கோடி பவுண்டுக்கு மேல் வரும். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் இன்றைய விலையில் ஒரு சிறிய வீடு கட்டவே இரண்டு லட்சம் பவுண்டு ஆகிவிடுகிறது, அதற்கு மேலும் ஆகலாம். அப்படியானால் கிட்டத்தட்ட தொண்ணூறு பேர் கட்டும் கூடுதல் வரியில் ஒரே ஒரு வீடு. மொத்தமாகப் பார்த்தால் வருடத்துக்கு நூறு வீடு தேறலாம், வரிசையில் நிற்பவர்களோ ஆயிரக்கணக்கில்.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குக் கை கடிப்பது வேறு இடத்தில், தற்காலிகத் தங்குமிடச் செலவில். வீடிழந்து வருகிற குடும்பத்தை அன்றைக்கே எங்காவது தங்க வைப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. மத்திய அரசு அதற்குக் கொடுக்கும் மானியம் 2011-ஆம் ஆண்டு வாடகை விகிதத்தில் 90 சதவீதத்தோடு உறைந்து நிற்கிறது, வாடகை எங்கேயோ போய்விட்டது, நடுவில் விழுகிற துண்டை நாங்கள்தான் போட வேண்டும். 2023-24-இல் மட்டும் இங்கிலாந்து கவுன்சில்கள் தற்காலிகத் தங்குமிடத்துக்கு மொத்தமாகச் செலவழித்தது ஏறக்குறைய 228 கோடி பவுண்டு. கவுன்சில் வீடுகளின் வாடகைப் பணம் தனிக் கணக்கு, அதை இதில் எடுக்க முடியாது, இது பொது நிதியில் இருந்துதான் போகிறது. அந்த இடத்தில் இரண்டாம் வீட்டு வரி உண்மையிலேயே கை கொடுக்கும்.

கடலோர ஊரில் இது எப்படி இருக்கும் என்றால், குளிர்காலத்தில் ஒரு ஹோட்டல் அறையில் தாயும் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். அடுப்பு கிடையாது, வெந்நீர்க் கெட்டிலில்தான் நூடுல்ஸ், பள்ளிச் சீருடை ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருக்கும். ஈஸ்டர் நெருங்கியதும் ஹோட்டலில் இருந்து எங்களுக்கு போன் வரும், சுற்றுலாப் பயணிகள் முன்பதிவு செய்துவிட்டார்கள், அறையைக் காலி செய்யுங்கள் என்று. இருபது, முப்பது மைல் தள்ளி இன்னொரு அறை தேடுவோம், பிள்ளையின் பள்ளி பழைய ஊரிலேயே இருக்கும். அந்த ஹோட்டல் இருக்கும் தெருவிலேயே ஜனவரி மாதம் முழுக்க விளக்கு எரியாத வீடுகள் வரிசையாக நிற்கும். "நாங்கள் வருடத்தில் சில வாரம்தான் வருகிறோம், குப்பை கூட அவ்வளவாகப் போடுவதில்லை, எதற்கு இரு மடங்கு?" என்று உரிமையாளர்கள் கேட்பதை நானும் கேட்டிருக்கிறேன். அந்தச் சில வாரம்தான் பிரச்சினையே. ஆண்டு முழுக்க ஆள் இருந்தால் பள்ளிக்குப் பிள்ளைகள் வருவார்கள், பேருந்து ஓடும், கடை திறந்திருக்கும்.

அப்புறம், வசூலாகிற பணம் வீட்டுவசதிக்குத்தான் போக வேண்டும் என்று இங்கிலாந்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. பொது நிதியில் விழுந்து, முதியோர் பராமரிப்பிலோ சாலைப் பள்ளத்திலோ கரைந்துவிடலாம். இன்னும் மோசம், மாவட்டக் கவுன்சில், கவுன்டி கவுன்சில் என்று இரண்டு அடுக்கு உள்ள இடங்கள். டெவனில் உள்ள சால்கோம் என்ற கடலோர ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வரியை வசூலிப்பதும் வீடில்லாதவர்களைக் கவனிப்பதும் சவுத் ஹாம்ஸ் மாவட்டக் கவுன்சில், ஆனால் பெரும்பங்கை டெவன் கவுன்டி எடுத்துக்கொள்கிறது, காவல்துறைக்கு ஒரு பங்கு, பொதுவாக மாவட்டத்துக்கு மிஞ்சுவது பத்தில் ஒன்று அளவுதான். கார்ன்வால் ஒற்றை அடுக்கு என்பதால் தப்பித்தது.

இதை உருப்படியாகச் செய்கிற இடம் என்று கேட்டால் வடமேற்கு வேல்ஸில் உள்ள குவினெத்தைச் சொல்வேன். 2018-இல் 50 சதவீதம், 2021-இல் 100, 2023-இல் 150 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆனால் பணத்தை ஒரு வீட்டுவசதிச் செயல்திட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். 2010-இலேயே தங்கள் வீடுகளை ஒரு வீட்டுவசதிச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்ட கவுன்சில் அது, இப்போது மறுபடி சொந்தமாகக் கட்டுகிறது, சந்தையில் வீடு வாங்கி உள்ளூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறது, பூட்டிக் கிடந்த வீட்டை வாங்கிப் பழுது பார்க்கும் இளைஞர்களுக்கு மானியம் தருகிறது. தான் கட்டிய கூடுதல் வரியில் எது நடந்தது என்று உரிமையாளர் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறது.

ஓட்டையும் இருக்கிறது. வீட்டை 'விடுமுறை வாடகை வியாபாரம்' என்று பதிந்துவிட்டால் கவுன்சில் வரியே கிடையாது, வணிக வரிக்குப் போய்விடும். இங்கிலாந்தில் வருடத்துக்கு 70 இரவு வாடகைக்கு விட்டால் போதும் (140 இரவு விடத் தயாராக இருந்தோம் என்றும் காட்ட வேண்டும்), வணிக வரிக்காகப் போடும் ஆண்டு வாடகை மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்து, வேறு வியாபார இடமும் இல்லையென்றால் வரி பூஜ்யம். வேல்ஸில் அதை 182 இரவாக ஏற்றி இறுக்கிவிட்டார்கள், அதனால் நிஜமாகவே தொழில் செய்கிற சிறு ஆட்கள் சிலரும் மாட்டிக்கொண்டார்கள் என்பது வேறு கதை. தென்மேற்கு வேல்ஸில் உள்ள பெம்ப்ரோக்‌ஷர் 200 சதவீதம் வரை போய்ப் பார்த்துவிட்டு 150-க்கு இறங்கியது. அதிகமாகப் போட்டால் விற்றுவிடுகிறார்கள், விற்றால் வருமானம் குறைகிறது. உள்ளூர்க்காரர் வாங்கினால் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் நிதித்துறை ஆள் பட்ஜெட் போடும்போது அதே தொகை அடுத்த வருடமும் வரும் என்று எழுதி வைத்திருப்பார்!

என் கண் இருப்பது இன்னொரு பணத்தில். இங்கிலாந்தில் இரண்டாம் வீடு வாங்கும்போதே முத்திரைத் தீர்வையில் 5 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் (2024 அக்டோபர் வரை 3). நான்கு லட்சம் பவுண்டு வீட்டுக்கு அதுவே 20,000. அது நேராக மத்திய கஜானாவுக்குப் போகிறது. 2016-இல் ஒரு தடவை அதில் ஆறு கோடி பவுண்டை இரண்டாம் வீடுகள் அதிகமுள்ள பகுதிகளின் கவுன்சில்களுக்கு ஒதுக்கினார்கள், சமூக வீட்டுவசதி நிதி என்ற பெயரில். அதை வருடா வருடம் சட்டப்படி உள்ளூருக்குத் திருப்பிவிட்டு, கூடவே கவுன்சில் வரியின் கூடுதல் பங்கையும் குவினெத் மாதிரி வீட்டுவசதிக்கென்று கட்டிவைத்தால், நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் தைரியமாக 'முடியும்' என்று சொல்லியிருப்பேன்.