நாலு நிமிஷம் என்றால் ஒரு ஓவர்

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. 61 வயது அம்மா குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார். பீடி சுற்றியே என்னைப் படிக்க வைத்தவர். கிரிக்கெட் என்றாலே எரிச்சல்படுவார். இப்போது டெஸ்ட் மேட்ச் நடந்தால் காலை ஒன்பதரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து நாலரைக்குத்தான் எழுந்திருக்கிறார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் பேசலாம் என்று கூப்பிட்டால், ‘இந்த ஓவர் முடியட்டும்டா’ என்று வைத்துவிடுகிறார். எனக்கோ வேலை அதிகம், எங்கள் ஊர் சிரசுத் திருவிழாவுக்குக்கூடப் போக முடியவில்லை. கேபிளை நிறுத்திவிடலாமா? டாக்டரிடம் காட்டலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, சீரியல் பார்க்கும் அம்மா, போனை விடாத மாமியார், ரிமோட்டைத் தராத மாமனார் என்று இந்தக் கடிதம் எனக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. உங்களுடையதில் நான் நின்றுவிட்ட இடம் கிரிக்கெட் இல்லை. அந்த ‘நாலு நிமிஷம்’.

கணக்குப் போடுவோம். டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், ஆறு மணி நேர ஆட்டம். ஓவருக்கு நாலு நிமிஷம். ஆக, ஒரு வாரத்தில் பெற்ற தாய்க்கு நீங்கள் ஒதுக்குவது ஒரே ஒரு ஓவர். அந்த ஒன்றுக்கும் அம்மா உடனே ஓடிவந்து நிற்க வேண்டும், இல்லையா? மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டில் யார் குரல் கேட்கிறது என்று யோசித்தீர்களா? தமிழில் கமெண்ட்ரி சொல்கிறவர்கள் குரல்தான். அவர்கள் காலையில் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், சாயங்காலம் வரை பேசுகிறார்கள், ‘சரிம்மா, மீட்டிங் இருக்கு’ என்று பாதியில் வைப்பதில்லை.

நான் பேரணாம்பட்டுக்காரி. மத்தியானமானால் எங்கள் தெருத் திண்ணை முழுக்க முறம்தான். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூலைக் கட்டி, முனையை மடித்துப் போட வேண்டும். உடனே அடுத்த இலை. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். பக்கத்தில் ரேடியோ பாடும், காது கேட்கும், ஆனால் கண் முறத்தை விட்டு நிமிராது. நிமிர்ந்தால் எண்ணிக்கை குறையும். உங்கள் அம்மா அப்படிக் குனிந்தே உங்களை வளர்த்திருக்கிறார். இப்போதுதான் ஒன்றை நிமிர்ந்து பார்க்கிறார், அது உங்களுக்குப் பொறுக்கவில்லை.

அதிலும் ஏன் டெஸ்ட் மேட்ச் என்கிறீர்களா? பந்தைப் பேண்ட்டில் தேய்த்து, நடந்து போய், திரும்பி ஓடிவந்து, அதே இடத்தில் போடுகிறான். எனக்கும் உங்களுக்கும் கொட்டாவி வரும். ஒரே வேலையைத் தினமும் ஆயிரம் தடவை செய்தவருக்கு அந்தக் கையில் என்ன நடக்கிறது என்று தெரியும். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக அஸ்வின் 113 ரன் அடித்துவிட்டு, இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தாரே, அதைப் பற்றி அம்மாவிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். (நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். 1986-ல் இதே சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாள் ஆடி, யாருக்கும் வெற்றி இல்லாமல், இரண்டு பக்கமும் ரன் சரிசமமாகி ‘டை’ என்று முடித்தபோது, ‘இதுக்கா அஞ்சு நாள்?’ என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.)

கல்யாணத்துக்குப் போகவில்லை என்று குறைப்படுகிறீர்கள். புருஷனை இழந்தவளை நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் எந்த மூலையில் உட்கார வைப்பார்கள், தாலியை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரும் தட்டு யாரைத் தாண்டிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவர் போகாததே சரி என்பேன்.

அப்புறம் சிரசு. கெங்கையம்மன் சிரசு வருஷா வருஷம் வைகாசி ஒன்றாம் தேதி. திடீரென்று வருகிற சாவுச் செய்தி இல்லை அது. தேதி முன்கூட்டியே தெரிந்த திருவிழாவுக்கு ஒரு நாள் லீவு சொல்லத் தெரியாதவர், அம்மாவை டாக்டரிடம் காட்டலாமா என்று என்னைக் கேட்கிறார்! ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும். லஞ்சுக்கும் டீக்கும் எழுந்து நாலு தப்படி நடக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு அது போதும். கேபிளில் கை வைக்காதீர்கள்.

பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பணம் அனுப்புவதோடு முடியாது. எனக்கு அதில் இரண்டு கருத்து கிடையாது. சென்னையிலிருந்து காட்பாடி ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அப்புறம் ஒரு பஸ். நம் ஊரில் அடுத்த டெஸ்ட் நடக்கும்போது, வெள்ளிக்கிழமை ராத்திரியே போய்விடுங்கள். சனிக்கிழமை முதல் பந்துக்கு முன்னால் போனை அணைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். விக்கெட் கீப்பர் பக்கத்தில், ஸ்லிப்பில் ஏன் மூன்று பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள், தெரிந்தாலும் கேளுங்கள். பதினொன்றரைக்கு லஞ்ச் விடுவார்கள், 40 நிமிஷம். அதற்குள் சோறு நீங்கள் வடித்திருக்க வேண்டும்.