படிவம் 4 கூடுதல் கணிதத்தில் சார்பு, சமன்பாட்டுக் கணக்குகளைப் படிப்படியாகச் செய்வது எப்படி?

மகள் படிவம் 4-க்கு (மலேசிய இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டு) போனதும் கூடுதல் கணிதத்தின் முதல் பாடமான சார்பிலேயே தடுமாறுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தத் தடுமாற்றத்தை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழில் கணக்குப் போட்ட பிள்ளை, சார்பைக் குறிக்கும் 'ஃபுங்சி' என்ற மலாய்ச் சொல்லை மனப்பாடம் செய்கிறது. அது என்ன வேலை செய்கிறது என்பது மனத்தில் பதிவதில்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கி, பிடித்தத்தைக் கழித்து, தோட்டக் கணக்கரான கிராணி சம்பளம் போடுவார். அதுதான் சார்பு. எந்த எடையைக் கொடுத்தாலும் அதே இரண்டு வேலைகள், அதே வரிசையில்.

பாடநூலில் வரும் எஃப்-க்குப் பதில் சா, உள்ளே போகும் எண்ணான எக்ஸ்-க்குப் பதில் அ என்று எழுதுகிறேன். சா(அ) = 3அ − 5. சா(2க) = க + 10 என்றால் க எவ்வளவு?

முதலில் அ-வை அழித்துவிட்டு, சா( ) = 3( ) − 5 என்று வெறும் அடைப்புக்குறியோடு எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டு இடத்திலும் 2க-வை வைக்கட்டும். 3(2க) − 5, அதாவது 6க − 5. இது க + 10-க்குச் சமம். இருபுறமும் க-வைக் கழித்தால் 5க − 5 = 10. இருபுறமும் 5-ஐக் கூட்டினால் 5க = 15. க = 3.

பல பிள்ளைகள் 2-ஐ வெளியே இழுத்து 2(3க − 5) என்று எழுதி, க = 4 என்று முடித்துவிடுகிறார்கள். சரிபார்த்தால் உடனே தெரிந்துவிடும். க = 4 என்றால் சா(8) = 19; மறுபுறம் 14. பொருந்தவில்லை. க = 3 என்றால் சா(6) = 13; மறுபுறமும் 13. இந்த ஒரு வரிச் சரிபார்ப்பை எந்தக் கணக்கிலும் விடவே கூடாது.

வெளியே வந்த எண்ணிலிருந்து உள்ளே போன எண்ணைக் கண்டுபிடிக்கும் நேர்மாறு சார்புக்கும் அம்மாதான் எனக்கு வழிகாட்டி. சம்பள நாளன்று கையில் வந்த தொகையோடு முதலில் பிடித்தத்தைக் கூட்டுவார், பிறகு கிலோ விலையால் வகுப்பார், எடை சரியாக எழுதப்பட்டதா என்று பார்ப்பார். கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். மேலே சா(6) = 13 என்று பார்த்தோம்; அந்த 13-உடன் 5-ஐக் கூட்டினால் 18, 3-ஆல் வகுத்தால் 6. நேர்மாறு சார்பை சா⁻¹ என்று எழுதுவார்கள்; சா-வின் தலையில் நிற்கும் அந்த −1-ஐப் பார்த்து, ஒன்றைச் சார்பால் வகுப்பது என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு; அதை ஆரம்பத்திலேயே திருத்திவிடுங்கள்.

இன்றிரவு மகளிடம் சா(அ) = 2அ + 7 என்று எழுதிக் கொடுத்து, 19 வெளியே வர உள்ளே போன எண் எது என்று கேளுங்கள். 7-ஐக் கழித்து, 2-ஆல் வகுத்து, 6 என்று காரணத்தோடு சொல்லிவிட்டால், நாளை பாடநூல் பயிற்சியைத் திறக்கலாம்.