மகள் நடிகையாக வேண்டும் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை என் ஆலோசனை அறையில் நீங்கள் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். பிளஸ் டூ எழுதி முடித்திருக்கும் உங்கள் மகள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நடிப்புக்கு எங்கே, என்ன படிக்க வேண்டும், சார்?" உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும்விட அது நல்ல கேள்வி. வெளியே இரண்டு குடும்பங்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் குறை மனத்தை உறுத்தியதால் எழுதுகிறேன். இதை அவளும் படிக்கட்டும்.

"நல்ல குடும்பத்துப் பெண்கள் போகிற இடமா அது?" என்று கேட்டீர்கள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்திருக்கும். யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். சாய் பல்லவி கோத்தகிரிப் பெண். ஜார்ஜியாவின் திபிலீசியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோதே 2015இல் 'பிரேமம்' வெளியானது. புகழ் வந்த பிறகும் படிப்பை விடாமல் 2016இல் முடித்தார். அபர்ணா பாலமுரளி கட்டடக்கலை படித்தவர். அதிதி பாலன் சட்டம் படித்தவர். பிரியா பவானி சங்கர் பொறியியல் முடித்து, தொலைக்காட்சியில் செய்தி வாசித்து, தொடரில் நடித்து, அதன் பிறகே 2017இல் 'மேயாத மான்' மூலம் திரைக்கு வந்தார். ஐஸ்வர்யா ராஜேஷ் பி.காம். பட்டதாரி, தொலைக்காட்சி நடனப் போட்டியில் வென்றவர். அப்படியும் சின்னச் சின்ன வேடங்களில் சில ஆண்டுகள் கழிந்த பிறகுதான் 2015இல் 'காக்கா முட்டை' அவரை எல்லோருக்கும் தெரியவைத்தது.

பட்டம் இருந்ததால் இவர்கள் நடிகை ஆனார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பள்ளிப்படிப்பைக்கூட முடிக்க வாய்க்காத மனோரமா, பள்ளத்தூரிலிருந்து நாடக மேடை ஏறி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். திறமைக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வாய்ப்பு வராத மாதங்களில் வாடகை கொடுக்க ஒரு வழி வேண்டும். கையில் வேறொரு பிழைப்பு இருக்கும் பெண்ணால் பிடிக்காத வேடத்தை, பிடிக்காத நிபந்தனையை, பிடிக்காத மனிதரை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வர முடியும். சாய் பல்லவி சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்தது எல்லோரும் அறிந்த செய்தி. அதற்கு மருத்துவப் பட்டம்தான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. உங்கள் மகளுக்கும் அப்படி மறுக்கும் தெம்பு வேண்டும் என்பதே என் ஆசை. நான் பட்டத்தை வற்புறுத்துவதும் அதற்காகத்தான்.

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். ஆனால் அங்குள்ளவை ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, இயக்கம் போன்ற பட்டப்படிப்புகள். நடிப்பையே பாடமாகப் படிக்க வேண்டுமென்றால் டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது; மூன்று ஆண்டுப் பயிற்சி. புனே திரைப்படக் கல்லூரியிலும் நடிப்புப் பிரிவு உண்டு. இந்த இரண்டு இடங்களுமே பட்டதாரிகளைத்தான் சேர்க்கின்றன. டெல்லியில் சேர, சில நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை முதுகலைக்கும் பட்டம் வேண்டும்.

ஆகவே, "முதலில் டிகிரி" என்று நீங்கள் சொல்வதும் "முதலில் நடிப்பு" என்று அவள் சொல்வதும் ஒரே வழியில்தான் போய்ச் சேருகின்றன. இரண்டு மாதமாக இதற்காக ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறீர்கள்! நாடகக் குழுக்கள் இயங்கும் ஊரில், மேடைக்கு இடம் கொடுக்கும் கல்லூரியில் அவளைச் சேருங்கள். காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) என்றாலும் சரி, அவளுக்குப் பிடித்த தமிழ் இலக்கியம் என்றாலும் சரி. சென்னை என்றால், நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு போன்ற இடங்கள் உண்டு. திரையில் நாம் பார்க்கும் பசுபதியும் கலைராணியும் அங்கே பயின்றவர்கள்தான். உடம்பையும் குரலையும் பழக்கக் கல்லூரியின் மூன்று ஆண்டுகள் தாராளமாகப் போதும்.

அவளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதாநாயகி வேடம் மட்டுமே சினிமா இல்லை. சுஹாசினி நடிகையாக வேண்டும் என்று வந்தவர் அல்லர். அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர். 1980இல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' அவரைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தியது. பின்னர் 'சிந்து பைரவி' தேசிய விருது பெற்றுத் தந்தது. 1995இல் 'இந்திரா'வை இயக்கினார். 1983இல் 'மண் வாசனை'யில் அறிமுகமான ரேவதி பிறகு இயக்குநரானார். குழந்தை நட்சத்திரமாக வந்த ரோகிணி, மற்ற நடிகைகளுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்தார். கிளம்பும்போது சுவரில் இருந்த பாரதியார் வரிகளை உங்கள் மகள் வாய்விட்டுப் படித்தாளே, அந்த ழகரமும் றகரமும் இன்னும் என் காதில் இருக்கின்றன. டப்பிங்கை அவள் ஒரு தொழிலாகவே யோசிக்கலாம்.

பயத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசுகிறேன். மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஹேமா குழு அறிக்கை 2019இல் அரசிடம் தரப்பட்டது. வெளிவந்தது 2024 ஆகஸ்டில். அதன் பிறகு நம் நடிகர் சங்கமும், பாலியல் குற்றம் உறுதியானால் ஐந்து ஆண்டுகள் திரைத்துறையில் பணியாற்றத் தடை விதிக்கப் பரிந்துரைக்கும் என்று தீர்மானம் போட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். புகார்க் குழு எங்கே என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. உங்கள் அளவில் செய்ய வேண்டியது: நடிகர் தேர்வு பகலில், அலுவலகத்தில் நடந்தால் மட்டும் போங்கள், கூடவே ஒருவர் போங்கள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் சம்மதிக்காதீர்கள்.

புகைப்பட ஆல்பத்துக்கும் 'அறிமுகத்துக்கும்' சேர்த்து நாற்பதாயிரம் கேட்கிறாரே ஒருவர், அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நடிப்பவருக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்; அவரிடமே வாங்குகிறவர் வேலை கொடுப்பவர் அல்லர். அந்தத் தொகையைக் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள்.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் பேசட்டும். நீங்களும் அம்மாவும் வெளியே உட்கார்ந்திருங்கள்; பிறகு நானே அழைக்கிறேன்.