இணையதளம் மாற்றும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் சேருவதற்கு முன்னால் அந்த நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “எந்தப் பழைய இணைய முகவரி எந்தப் புதிய முகவரிக்குப் போகும் என்ற பட்டியலை யார் தயாரிக்கிறார்கள்?” அந்தப் பட்டியலில் கை வைக்க உங்கள் மகளுக்கு இடம் இருந்தால் அது நல்ல வேலை. “அதெல்லாம் பிளக்இன் என்ற துணை மென்பொருள் பார்த்துக்கொள்ளும், நீங்கள் கட்டுரைகளைக் காப்பி செய்து ஒட்டினால் போதும்” என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பெண். லட்சத்துக்கு மேல் பக்கங்கள் உள்ள ஒரு இணையதளத்தை சி.எம்.எஸ். என்ற பின்னணி மென்பொருள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. எதற்காக மாற்றுகிறார்கள் என்று கேட்டால் ‘கூகுளில் மேலே வருவதற்கு’ என்கிறார்கள். இது புரோகிராமிங்கா, டேட்டா என்ட்ரியா, இல்லை ஏதாவது கண்கட்டு வித்தையா என்று உங்களுக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான். இந்தப் பெயரில் மூன்றுமே நடக்கின்றன.

முதலில் அந்த ‘மேலே வருவது’ என்ன என்று பார்ப்போம். கட்டுரை எழுத, படம் ஏற்ற, வெளியிட உதவும் பின்னணி மென்பொருள்தான் சி.எம்.எஸ். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா எல்லாம் அந்த வகை. இதில் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்து கூகுள் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை. அதன் கைக்குப் போவது அந்த மென்பொருள் வெளியே அனுப்பும் பக்கம்தான். பழைய மென்பொருள் பக்கத்தை மெதுவாகத் தந்தது, ஒரே கட்டுரையை நான்கு முகவரிகளில் காட்டியது, மொபைலில் உடைந்து தெரிந்தது என்றால், மாற்றும்போது அதையெல்லாம் சரிசெய்ய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும் என்று கூகுள் சில அளவுகோல்கள் வைத்திருக்கிறது. புதிய தளம் அவற்றில் தேறலாம். அதற்காகத் தரவரிசை ஏறியே தீரும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்ப வேண்டாம். ஏறினால் நல்லது. முதலுக்கே மோசம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை.

மோசம் எங்கிருந்து வரும்? முகவரியிலிருந்து.

ட்ரூபலில் ஒரு கட்டுரைக்குத் தானாகக் கிடைக்கும் முகவரி ‘நோட்’ என்ற சொல்லும் 4521 போன்ற ஒரு எண்ணும்தான். அதற்கு மேல் அழகான பெயரில் இன்னொரு முகவரியும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே திறக்கும். அந்தக் கட்டுரை பத்து வருடம் பழசு என்றால், எண் உள்ள முகவரிக்கு இணைப்பு கொடுத்தவர்கள் சிலர், பெயர் உள்ள முகவரிக்குக் கொடுத்தவர்கள் சிலர். கடைசியில் சாய்கோடு போட்டவர்கள், போடாதவர்கள், தளம் பாதுகாப்பு இணைப்புக்கு மாறுவதற்கு முன்பிருந்த முகவரியைக் கொடுத்தவர்கள் என்று ஒரே கட்டுரைக்கு ஏழெட்டு வாசல்கள் திறந்து கிடக்கும். புதிய தளத்தில் அந்தக் கட்டுரைக்கு ஒரே முகவரிதான். பழைய வாசல்கள் ஒவ்வொன்றிலும் வருபவரை அங்கே அனுப்ப வேண்டும். இதற்கு 301 ரீடைரக்ட் என்று பெயர்: ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்று சர்வர் சொல்லும் பதில். அவசரத்தில் 302 போட்டுவிட்டால் ‘தற்காலிகமாகத்தான் மாறியிருக்கிறது’ என்று அர்த்தமாகிவிடும்.

இதை லட்சம் பக்கங்களுக்குச் செய்து பாருங்கள். பொருந்தாத பழைய முகவரிகளை எல்லாம் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்பவர்கள் உண்டு. சுலபம்தான், ஆனால் பயன் இல்லை. கேட்ட பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நின்றால் கூகுள் அதைப் ‘பக்கம் இல்லை’ என்றே கணக்கில் வைக்கும். உண்மையிலேயே செத்துப்போன பக்கத்துக்கு நேர்மையாக 404 (‘பக்கம் இல்லை’) அல்லது 410 (‘நீக்கிவிட்டோம்’) சொல்வது மேல். ஒரு ரீடைரக்ட் இன்னொன்றுக்கும், அது வேறொன்றுக்கும் போகும் சங்கிலியும் இதே சோம்பேறித்தனத்தின் பிள்ளைதான். பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும் கூகுளின் நிரலான கிராலர் பத்துத் தாவல் வரை தொடரும் என்பதற்காகப் பத்தையும் பயன்படுத்த வேண்டுமா என்ன? ஒரே தாவலில் முடிய வேண்டும். முடித்த பிறகும் அந்த ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இது தெரிந்திருந்தால் உங்கள் மகள் குழுவில் தனியாகத் தெரிவாள். முகவரியில் தமிழ் எழுத்து வந்தால் அது உள்ளுக்குள் விழுக்காட்டுக் குறி (%) சேர்ந்த எழுத்துகளாக மாறும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், மாறியபின் ஒன்பது எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆக 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200. இருபத்திரண்டு குறிகளோடு கதை முடிந்தது. ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு நீளமான தலைப்புகள் வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுப்படும், இரண்டாவதன் வாலில் ஒரு 2 ஒட்டிக்கொள்ளும். நீளத் தலைப்பை முழுசாக ஏற்றுக்கொண்ட வேறு சி.எம்.எஸ்.ஸிலிருந்து வரும்போது பழையதும் புதியதும் எப்படிப் பொருந்தும்? ஆங்கிலத் தளங்களில் மட்டும் வேலை பார்த்தவர்கள் சோதனையில் இதைக் கோட்டை விடுவார்கள். இந்திக்கும் தாய்லாந்து மொழிக்கும் இதே மூன்று பைட் கணக்குதான். அதனால் இந்த அறிவு ஒரு மொழியோடு நின்றுவிடாது.

சரி, இது புரோகிராமிங்கா? ஒரு பாதி ஆம். பழைய டேட்டாபேஸிலிருந்து கட்டுரை, எழுதியவர் பெயர், தேதி, வகை, படங்கள் எல்லாவற்றையும் எடுத்து, புதிய அமைப்பு கேட்கும் வடிவத்துக்கு மாற்றி, ஏற்றும் நிரல்களை யாராவது எழுதியாக வேண்டும். அது சுத்தமான நிரல் வேலை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல்.லும், பைதான் அல்லது பி.எச்.பி. என்ற நிரல் மொழியும் வேண்டும். இன்னொரு பாதி கணக்குப்பிள்ளை வேலை. பட்டியல், சரிபார்ப்பு, விட்டுப்போனதைத் தேடுவது. இரண்டாவது பாதியைத்தான் அவளுடைய நண்பர்கள் ‘டேட்டா என்ட்ரி’ என்று கிண்டல் செய்கிறார்கள். என் கணிப்பில், முதல் பாதியைச் செய்ய ஆள் கிடைப்பார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சேருவதற்கு முன் கிடைக்கும் வாரங்களில் என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எஸ்.இ.ஓ. (தேடலில் மேலே வரவைக்கும் வேலை) சான்றிதழ் வகுப்பில் பணம் கட்ட வேண்டாம். சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ட்ரூபலை நிறுவி முப்பது பக்கம் எழுதட்டும். பிறகு அதை வேர்ட்பிரஸுக்கு மாற்றட்டும், இரண்டும் இலவசம்தான். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற கிராலர் 500 முகவரி வரை காசு கேட்காது. மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அதை ஓட்டி, இரண்டு பட்டியலையும் எக்செலில் வைத்து, எது காணாமல் போனது என்று ஒப்பிடட்டும். அப்புறம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ஒரே மாதிரி அமைந்த எழுத்து வரிசைகளைப் பிடிக்கும் குறியீட்டு முறை. ஆயிரம் ரீடைரக்டுகளை ஒரே வரியில் எழுத அது உதவும், ஒரு புள்ளி தப்பினால் ஆயிரத்தையும் கெடுக்கவும் செய்யும். சர்வர் லாக்கை வாசிக்கப் பழகுவதும் முக்கியம். கூகுளின் கிராலர் எந்தப் பக்கத்தை எப்போது வந்து கேட்டது, என்ன பதில் கிடைத்தது என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும்.

தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலைப் பற்றி ஒரு விஷயம். அது 16 மாதத் தகவலைத்தான் வைத்திருக்கும், திரையிலிருந்து இறக்கினால் 1000 வரிதான் வரும். பெரிய தளத்தில் எந்தப் பக்கங்கள் ஆட்களைக் கொண்டுவருகின்றன என்று தெரிய வேண்டுமானால் ஏ.பி.ஐ. வழியாக, அதாவது நிரல் எழுதி, எடுக்க வேண்டும், அதுவும் மாற்றத்துக்கு முன்பே. சேர்ந்த முதல் வாரத்தில் “அதை எடுத்து வைத்துவிட்டோமா?” என்று அவள் கேட்டாலே மேலதிகாரி நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொரு கேள்வியையும் அவள் கேட்கலாம். சோதனைத் தளம் கூகுளில் வந்துவிடக் கூடாது என்று ‘தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். வேர்ட்பிரஸில் அது அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம். தளம் லைவ் ஆகும் நாளில் அதை எடுக்க மறந்தால் லட்சம் பக்கமும் தேடலிலிருந்து ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். விழுவது உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. நூலகத்தில் எல்லா நூல்களையும் புது அலமாரிக்கு மாற்றி அடுக்கிவிட்டு, வாசலில் தொங்கிய ‘இன்று விடுமுறை’ அட்டையை எடுக்காமல் விட்டதைப் போலத்தான் அது.

எதிர்காலம் பற்றி. ட்ரூபலின் 7-ஆம் பதிப்பு 2011-இல் வந்தது. அதற்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நின்றது. ஜூம்லா 3-க்கு 2023 ஆகஸ்டில் நின்றது. பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருளில் பெரிய தளத்தை ஓட்ட முடியாது. அதனால் தளம் மாற்றும் தேவை தீர்ந்துபோகும் சரக்கு இல்லை. இன்று புதிதாக இருப்பதும் ஒருநாள் பழசாகும்.

ஏ.ஐ. வந்தால் இந்த வேலை போய்விடாதா என்றும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். தலைப்பை வைத்துப் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பொருத்துவதை நிரல்கள் இப்போதே நன்றாகச் செய்கின்றன. மிச்சப்படுவதுதான் வேலை. ஒரே விஷயத்தைப் பற்றிய நாற்பது பழைய கட்டுரைகளில் எதை வைப்பது, எதை எதனோடு சேர்ப்பது, எதைக் கொல்வது என்று யாராவது முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இதைவிடப் பெரிய கவலை தேடலே மாறிவருவது. 2024 மே மாதம் முதல் கூகுள் தன் முடிவுகளுக்கு மேலேயே ஏ.ஐ. சுருக்கங்களைக் காட்டத் தொடங்கியது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் தளத்துக்குள் யார் வருவார்கள்? ஆகவே பயோடேட்டாவில் தன்னை எஸ்.இ.ஓ. ஆளாக மட்டும் அவள் எழுதிக்கொள்ள வேண்டாம். டேட்டா மைக்ரேஷன் என்று எழுதட்டும். வங்கி, மருத்துவமனை, நூலகம் எங்கும் பழைய அமைப்பிலிருந்து புதியதற்குத் தகவல் போய்க்கொண்டேதான் இருக்கிறது. எடு, மாற்று, ஏற்று, சரிபார் என்ற வரிசை எங்கும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வேலை நன்றாக முடிந்தால் வெளியே எதுவுமே நடக்காது. ஆட்கள் வழக்கம்போல வருவார்கள், யாரும் கைதட்ட மாட்டார்கள். கெட்டுப்போனால் மட்டும் எல்லோரும் குழுவைத் தேடி வருவார்கள். புதியதாக ஒன்றைக் கட்டி நாலு பேருக்குக் காட்டுவதில்தான் அவளுக்கு மகிழ்ச்சி என்றால், வேறு வேலைக்குக் காத்திருப்பதில் தப்பில்லை. விட்டுப்போன ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை சாப்பாடு இறங்காத ரகம் என்றால் இங்கே நன்றாக வருவாள். தளம் லைவ் ஆகும் நாட்களில் இரவு வேலையும் இருக்கும், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வேலைக்கான நேர்காணலில் ‘டிராஃபிக் இத்தனை சதவீதம் ஏறியது’ என்று சொல்ல அவளுக்கு ஆசை வரும். அதில் சீசன் எவ்வளவு, கூகுள் தன் கணக்கை மாற்றியது எவ்வளவு, இவர்கள் உழைப்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனை முகவரிகள் இருந்தன, எத்தனைக்குப் பொருத்தம் கண்டோம், எத்தனையைத் தெரிந்தே கைவிட்டோம், லைவ் ஆன பிறகு எத்தனை 404 வந்தன, எத்தனை நாளில் அடைத்தோம் என்று சொல்லட்டும். அந்தக் கணக்கை முதல் நாளிலிருந்தே தன் குறிப்பேட்டில் எழுதி வரட்டும், நிறுவனத்தின் ரகசியம் எதையும் வெளியே கொண்டுவராமல்.

சேர்ந்த பிறகு நல்ல மென்பொருள் வேலை கிடைத்தால் போகலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம், ஆனால் தளம் லைவ் ஆன மறுநாளே வேண்டாம். முகவரி மாறிய நடுத்தரத் தளத்தின் பெரும்பாலான பக்கங்களைக் கூகுள் புதிதாகப் பிடித்துக்கொள்ளவே சில வாரம் ஆகும், பெரிய தளத்துக்கு இன்னும் அதிகம். பொருந்தாத முகவரிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவது அந்தக் காலத்தில்தான். லாக்கில் அவற்றைத் தேடி அடைத்துப் பார்க்காமல் கிளம்பிவிட்டு, பயோடேட்டாவில் மைக்ரேஷன் அனுபவம் என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள்.