டாக்டர்கிட்ட கேளுங்க: அத்தை கால் புண்ணுல புழு

கேள்வி: எங்க அத்தைக்கு 70 வயசு, ஏற்காட்டுல நாகலூர் பக்கம் இருக்காங்க, ரொம்ப வருஷமா சுகர். காபி தோட்டத்துல விரலிடுக்குல முள்ளு குத்தி புண்ணாகி, பழந்துணியச் சுத்திக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை நான் போய் துணிய அவுத்தா உள்ள வெள்ள வெள்ளயா புழு நெளியுது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா "நான் என்ன பாவம் பண்ணேனோ, ஊரு சிரிக்கும்"னு அழறாங்க. பக்கத்து வீட்டுல பினாயில் ஊத்தச் சொல்றாங்க. பசங்களுக்கு ஒட்டிக்குமா டாக்டர்?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: உங்க லெட்டர் வந்த அன்னிக்கே போன் பண்ணி உடனே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன், இப்ப வார்டுல இருக்காங்கன்னு சொன்னீங்க, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. இத எழுதறது இதே மாதிரி மறைச்சு வச்சிருக்கற மத்த வீடுகளுக்காக.

"புழுத்துச் சாவ"ன்னு சாபம் விடற ஊரு நம்மளுது, அதனாலதான் புழுவப் பாத்ததும் வலிய விட வெக்கம் முன்னாடி வந்து நிக்குது. ஆனா நடந்தது ஒரு ஈ வந்து உக்காந்தது, அவ்வளவுதான். திறந்த புண்ணு ஓரத்துல ஒரு ஈ ஒரே தடவையில 150, 200 முட்டை வச்சிட்டுப் போயிடும், ஒரு நாளுக்குள்ள பொரிச்சிடும், அப்புறம் அஞ்சாறு நாள் உயிரோட இருக்கற சதையையே தின்னுக்கிட்டு உள்ள போகும். மாடு ஆட்டுப் புண்ணுலயும் இதே ஈதான். அத்தைக்கு ஏன் தெரியலன்னா, சுகர்ல கால் நரம்பு மரத்துப் போயிருக்கும், முள்ளு குத்தினதே சரியா தெரிஞ்சிருக்காது. தயவுசெஞ்சு அவங்களத் திட்டாதீங்க.

புழு தலைய சதைக்குள்ள புதைச்சுக்கிட்டு வாலத்தான் வெளிய நீட்டிட்டு இருக்கும், உத்துப் பாத்தா வால் நுனியில ரெண்டு கருப்புப் புள்ளி தெரியும், அது வழியாதான் மூச்சு விடுது. ஆஸ்பத்திரியில டர்பன்டைன் ஆயில் நனைச்ச துணிய வச்சு கொஞ்ச நேரம் காத்திருப்போம், மூச்சு முட்டி மேல வர வர இடுக்கியால ஒவ்வொண்ணா எடுப்போம். ஒரே நாள்ல முடியாது, ஆழத்துல பதுங்கினது மறுநாள் வரும், அதனால ரெண்டு மூணு நாள் ட்ரெஸ்ஸிங் ஆகும், சில பேருக்கு புழுவக் கொல்ற ஐவர்மெக்டின் மாத்திரையும் குடுப்போம். கூடவே டெட்டனஸ் வராம இருக்க டி.டி. ஊசி, சுகர் கன்ட்ரோல், எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு எக்ஸ்ரே.

பினாயில், மண்ணெண்ண, பெயின்ட் கடை டர்பன்டைன் எதுவும் வேணாம், இருக்கற நல்ல சதையும் வெந்துடும். பசங்களுக்கு ஒட்டாது, பாட்டி பக்கத்துல தாராளமா உக்காரட்டும். வீட்டுக்கு வந்தப்புறம் தினமும் சுத்தமான கட்டு, பகல்ல படுத்தாலும் கொசுவலை, ராத்திரி படுக்கும்போது டார்ச் அடிச்சு உள்ளங்காலயும் விரலிடுக்கயும் நீங்களே பாருங்க. அவங்களுக்குக் குனிஞ்சு பாக்க முடியாது.

இன்னொண்ணு. மூக்குக்குள்ளயும் இந்த ஈ முட்டை வைக்கும். வயசானவங்க மூக்குல நாத்தம், ரத்தம், உள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்குன்னு சொன்னா ஒரு நாள் கூட தள்ளாதீங்க, கண்ணும் மூளையும் பக்கத்துலயே இருக்கு.

கேள்வி: வெளிநாட்டுல புழுவ விட்டே புண்ண ஆத்தறாங்களாமே, அப்ப நம்ம புழுவ ஏன் எடுக்கணும்?
- வாசகர், ஆத்தூர்

பதில்: உண்மைதான், அமெரிக்காவுல 2004-லயே அதுக்கு அனுமதி குடுத்தாச்சு. ஆனா அது வேற ஈ, பச்சை ஈ. கிருமி இல்லாம லேப்ல வளத்து, எண்ணி வச்சு, கட்டுப் போட்டு, ரெண்டு மூணு நாள்ல எடுத்துடுவாங்க, அது செத்த சதைய மட்டும் திங்கும். நம்ம பக்கம் புண்ணுல பெரும்பாலும் வைக்கறது உயிருள்ள சதையத் திங்கற ஜாதி, அத விட்டு வச்சா விரலே போயிடும்.