வரிசையே சேராத சிமுலேஷன்

தயாரிப்பு லைனின் வேலைகளைக் காட்டும் சிஸ்எம்எல் (SysML, அமைப்புகளை வரைபடங்களால் விவரிக்கும் மொழி) ஆக்டிவிட்டி வரைபடத்தை அப்படியே சிமுலேஷனாக மாற்றியும் எந்த இயந்திரத்தின் முன்னும் வரிசை சேரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஸ்கிரிப்டைச் சந்தேகிக்கவேண்டாம். எதற்குப் பின் எந்த வேலை என்பதைத்தான் அந்த வரைபடம் சொல்லும். எந்த இயந்திரம் செய்கிறது என்பதை அலோகேஷனில், அதாவது வேலையை இயந்திரத்துக்கு ஒதுக்கும் குறிப்பில், தனியாகக் காட்டவேண்டும். அது இல்லாவிட்டால் வரம்பில்லாத இயந்திரங்கள் இருப்பதுபோல் எல்லாமே உடனே ஓடும். துளையிடுதலும் பிசிறு நீக்குதலும் ஒரே இயந்திரத்தில் என்றால், இரண்டு ஆக்‌ஷனும் கொள்ளளவு 1 உள்ள (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் ஏற்கும்) ஒரே ரிசோர்ஸைப், அதாவது சிமுலேஷனில் அந்த இயந்திரத்தைக் குறிப்பதை, பிடித்து, முடிந்ததும் விடுவிக்கவேண்டும். அப்புறம், எல்லாவற்றுக்கும் 4 நிமிடம் என்று நிலையாக வைக்காதீர்கள். ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் நிஜ வரிசை தெரியாது. ஓடவிட்டபின் லிட்டில் விதியால் (உள்ளே உள்ள சராசரி எண்ணிக்கை = வெளிவரும் வேகம் × உள்ளே இருக்கும் சராசரி நேரம்) சரிபாருங்கள்: மணிக்கு 12 பாகங்கள் வெளிவந்து, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் உள்ளே இருந்தால், லைனில் சராசரியாக 6 இருக்கவேண்டும்.